வெல்லம் போடாத கல்!

செல்போன் அடித்துக்கொண்டிருந்தது.

கோபுரத்தின் உச்சியில், கல் தரையில், தன்னந்தனியாக அதிர்ந்து நகர்ந்தபடியே அடித்தது. திரையில் 'வீட்டம்மா' என்ற எழுத்துகள் மின்னின.

எடுக்க வேண்டியவர் முப்பதடி கீழே கிடந்தார்!

அரை நிமிடத்துக்கு முன்புதான்...

"சுண்ணாம்பு! கடுக்காய்! வெல்லம்! இந்த மூணும்தான் சார் இந்தக் கோட்டையோட உசுரு!" முற்றத்தில் நின்று முழங்கிக்கொண்டிருந்தான் கைடு யோகராஜ். வலது கை பேன்ட் பாக்கெட்டுக்குள் இருந்தது. இடது கை மட்டும் கோபுரத்தைச் சுட்டியது. "சிமெண்ட் ஒரு கரண்டிகூட கிடையாது. இன்னும் நூறு வருஷம் ஆனாலும் ஒரு கல்லுகூட அசையா..."

தொப்!

முதலில் விழுந்தது கல். அடுத்து விழுந்தது மனிதர்.

"ஐயோ...!" நாமக்கல்லிலிருந்து சுற்றிப் பார்க்க வந்திருந்த பெண்மணி அலறினாள். அவள் கணவர் படம் எடுத்துக்கொண்டிருந்த போனைக் கீழே போட்டார்.

அந்தமானில், வண்டூரைத் தாண்டிக் கடலைப் பார்த்து நிற்கும் அந்தக் குன்றுக்கு, கிலா டிக்ரி, அதாவது கோட்டைக் குன்று, என்று பெயர். ஒரு காலத்தில் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் தன் ஊர் நினைப்பில் கட்டிய குட்டிக் கோட்டை அதன் உச்சியில் இருந்தது. எழுபது ஆண்டுகள் ஆலமர வேர்கள் அதை விழுங்கி வைத்திருந்தன. இரண்டு வருடம் பாடுபட்டு வேர்களைக் களைந்து, கல் மேல் கல் வைத்து, மீட்டுத் திறந்து மூன்று மாதம்தான் ஆகிறது.

மீட்டுக் கொடுத்த காண்டிராக்டர் பன்னீர்செல்வம்தான் இப்போது அதன் காலடியில் கிடந்தார்.

"செத்துட்டாரு... போயிட்டாரு..." கூடியவர்களில் யாரோ கத்தினார்.

"தள்ளுங்க... தள்ளுங்க..." கொத்தனார் ராக்கப்பன் ஓடி வந்தார். ஐம்பத்தெட்டு வயது. நெற்றியில் திருநீறு. கீழே கிடந்த மனிதரைப் பார்த்தார். பக்கத்தில் கிடந்த கல்லைப் பார்த்தார். மேலே, கைப்பிடிச் சுவரில், ஒரு பல் விழுந்த வாயைப் போலத் தெரிந்த இடைவெளியைப் பார்த்தார்.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நான்தான்... நான்தான் கொன்னுட்டேன்!"

"யோவ், என்ன பேசுறே?" யோகராஜ் பதறினான்.

"நான்தான்ப்பா... போலீஸைக் கூப்பிடு..."

அப்போதுதான் டீக்கடை சொர்ணம்மா கத்தினாள்.

"அட நிறுத்துங்கப்பா உங்க ஒப்பாரியை! வெரல் அசையுது! உசுரு இருக்கு! சலோ, சலோ... வண்டியைக் கொண்டாங்க!"

அவர் விழுந்தது மணல் குவியலின் மேல். வேலை முடிந்தும் அள்ளாமல் விட்ட குவியல். நாமக்கல்காரர்களின் வண்டியிலேயே ஏற்றிப் போர்ட் பிளேருக்கு அனுப்பினார்கள்.

மேலே செல்போன் மறுபடியும் அடிக்க ஆரம்பித்தது...

* * *

சப் இன்ஸ்பெக்டர் கார்த்திகா வந்து சேர்ந்தபோது பதினொன்றரை. போர்ட் பிளேரில், பத்துபஸ்தியில் பிறந்து வளர்ந்த பெண். தாத்தா காலத்திலேயே விருதுநகரிலிருந்து கப்பலேறி வந்த அரசாங்க உத்தியோகக் குடும்பம்.

"பேரு?"

"ராக்கப்பன்ங்க. கொத்தனார். கொலைகாரன்."

"முதல் ரெண்டு போதும். மூணாவதை நான் முடிவு பண்றேன்."

"இல்லீங்கம்மா. வெலங்கை மாட்டுங்க." இரண்டு கையையும் சேர்த்து நீட்டினார். சுண்ணாம்பில் வெந்து, தேங்காய் எண்ணெயில் ஊறிப் பழுத்த கைகள்.

கார்த்திகா கான்ஸ்டபிள் நாகராஜைத் திரும்பிப் பார்த்தாள். "இருபது வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு ஆளைப் பார்த்திருக்கீங்களா?"

"நஹி மேடம். நம்ம ஆளுங்க பொணத்து மேல உட்கார்ந்துகிட்டே நான் இல்லம்பானுங்க."

"உக்காருங்க ராக்கப்பன். என்ன பண்ணீங்க?"

"வெல்லத்தைத் திருடினேன்ங்க."

கார்த்திகாவின் பேனா நின்றது. "என்னது?"

"ஜூன் மாசம் கடல் கெட்டுப் போச்சு. பதினோரு நாள் கப்பல் வரல. கடையில சீனி இல்ல. வேலைக்கு வந்த ராஞ்சிப் பசங்க ஒம்பது பேரும் காய்ச்சல்ல கெடந்தானுங்க. வெறுந் தேத்தண்ணியைக் குடிச்சிட்டு நடுங்கினானுங்க. பாக்க முடியலம்மா. ஸ்டோர்ல சுண்ணாம்புக்கு வச்சிருந்த வெல்லம் இருந்துச்சு. எடுத்து சொர்ணம்மாகிட்ட குடுத்தேன். டீல போட்டுக் குடுத்தோம்."

"சரி..."

"கடைசித் தொட்டிக்கு வெல்லம் இல்லாமப் போச்சு. கப்பல் வந்தப்புறம் கேட்டா கணக்கு வெளிய வந்துடும்னு கேக்கல. அந்தச் சுண்ணாம்புலதான் கோபுரத்தோட மேல் வரிசை ஏழு கல்லையும் வச்சேன். எல்லாம் போட்டாச்சான்னு காண்டிராக்டர் ஐயா கேட்டாரு. போட்டாச்சுன்னு தலையாட்டினேன்." அவர் கோபுரத்தை நிமிர்ந்து பார்த்தார். "அந்த ஏழுல ஒண்ணுதான்ம்மா இன்னிக்கு விழுந்தது."

"காய்ச்சல்காரனுக்கு டீ கொடுத்தது கொலையா?"

"டீ கொடுத்தது இல்லீங்க. மறைச்சது. மூணு மாசமா ராத்திரி காத்தடிச்சா எந்திரிச்சு உக்காந்துக்குவேன். முருகா, அந்தக் கல்லு விழுந்துடக் கூடாதுன்னு. சொல்லித் தொலைச்சிருந்தா ஒரே நாள்ல பிரிச்சு வச்சிருக்கலாம். சொல்லல. பயம்."

கார்த்திகா பேனாவை மூடினாள். உண்மையான குற்றவாளியைத் துரத்திப் பிடிக்கத்தான் அவளுக்குப் பயிற்சி தந்திருந்தார்கள். மனசாட்சிக்காரனை என்ன செய்வது என்று யாரும் சொல்லித் தரவில்லை.

* * *

அந்தக் குன்றில் போன் சிக்னல் கிடைப்பது ஒரே ஓர் இடத்தில்தான். கோபுர உச்சி. அதிலும் மேற்கு மூலை. மேலதிகாரியிடம் பேச கார்த்திகா படியேறினாள்.

உச்சியில் அழகுக்காகத் தொங்கிய வெள்ளைக்காரன் காலத்துப் பித்தளை மணியை நாகராஜ் சுண்டிப் பார்த்தார்.

டொக்.

"என்ன மேடம் இது, தகர டப்பா மாதிரி சத்தம்?"

"கடல் காத்துல நூத்தம்பது வருஷம் நின்னா நீங்களும் அப்படித்தான் பேசுவீங்க."

போனில் மேலதிகாரி அவசரப்பட்டார். "ஒப்புத்துக்கிட்டான்ல? அப்புறம் என்ன விசாரணை? மூணு மணிக்கு ஜீப் வரும். ஏத்தி அனுப்பு. அந்த ஆளு செத்துட்டா கேஸ் பெருசு!"

"சார், இன்னும் கொஞ்சம்..."

"ஏத்தி அனுப்புன்னேன்!"

மணி பன்னிரண்டரை. இரண்டரை மணி நேரம்!

கார்த்திகா கல் விழுந்த இடைவெளிக்கு அருகில் முழங்கால் போட்டுக் குனிந்தாள். கையை ஊன்றினாள்.

"ஸ்ஸ்...!"

சிவப்பு எறும்பு! ஒன்றல்ல... நூறு. ஒரு வரிசை சுவரின் வெளிப்புறத்திலிருந்து ஏறி வந்தது. நேராகக் கல் இருந்த பள்ளத்துக்குள் போனது. வாயில் எதையோ கவ்விக்கொண்டு திரும்பியது.

அவள் பக்கத்துக் கல்லைப் பார்த்தாள். அதற்கடுத்த கல்லையும் பார்த்தாள்.

ஓர் எறும்புகூட இல்லை!

"நாகராஜ்! அந்தப் பெரியவரை மேல கூட்டிட்டு வாங்க. ஜல்தி!"

ராக்கப்பன் படியேறி வந்தார். பள்ளத்தைப் பார்த்தார். சுண்ணாம்பை விரலால் சுரண்டினார். முகர்ந்தார். நாக்கில் வைத்தார்.

முகம் மாறியது.

"இனிக்குது!"

"உங்க கல்லுல வெல்லமே இல்லன்னீங்க?"

"இல்லீங்களே! இது என் கை வேலை இல்லம்மா!" முதல்முறையாக அவர் குரலில் உயிர் வந்தது. ஒரு கொத்தனாரின் கோபம் வந்தது. "பாருங்க, கட்டி கட்டியா கெடக்கு. பச்சை வெல்லம்! வெல்லத்தைக் கடுக்காய்த் தண்ணியில பதினஞ்சு நாள் ஊறப் போடணும். புளிச்சு, இனிப்பெல்லாம் செத்துப் போவணும். பக்குவமான சுண்ணாம்பை எறும்பு எட்டிப் பாக்காது. அளவும் தெரியல இவனுக்கு. ஒரு மூட்டை சுண்ணாம்புக்கு அரைக் கிலோ போடுறதை ஒரே கல்லுக்குப் போட்டிருக்கான். இது பூச்சு இல்லம்மா, பொங்கல்!"

"கல்லைப் பெயர்த்தது?"

"இதோ கடப்பாரைத் தடம். பெயர்த்து எடுத்து, வெளிய தெரியாம இருக்க இந்தப் பொங்கலைப் பூசி ஒக்கார வச்சிருக்கான். ஈரம்கூடக் காயல. நேத்து செஞ்ச வேலை."

நேற்று திங்கட்கிழமை. கோட்டைக்கு வார விடுமுறை. வாசல் பூட்டியிருக்கும். சாவி இங்கே வேலை பார்ப்பவர்களிடம் மட்டும்தான்.

"பன்னீர்செல்வம் இங்கதான் வந்து சாய்வார்னு யாருக்குத் தெரியும்?"

"எல்லாருக்கும் தெரியும்ங்க. தெனமும் காலைல பத்து மணிக்குப் பரமக்குடியில இருக்கிற வீட்டம்மாகிட்ட பேசுவாரு. சிக்னல் இந்த மூலையிலதான். இந்தக் கல்லு மேல சாஞ்சுக்கிட்டுத்தான் பேசுவாரு. டூரிஸ்டுங்களைப் பதினோரு மணிக்கு மேலதான் ஏத்துவாங்க."

கார்த்திகா மெல்ல எழுந்தாள்.

விபத்து இல்லை. கொலை முயற்சி!

வெல்லம் போட்டுப் பூசியதற்கும் காரணம் புரிந்தது. சோதித்துப் பார்த்தால் பழைய கலவை மாதிரியே இருக்க வேண்டும். பழி கொத்தனார் தலையில் விழ வேண்டும். கேட்காமலே அந்தக் கொத்தனார் தலையை நீட்டிவிட்டார்.

* * *

சொர்ணம்மா எல்லோருக்கும் டீ கொண்டு வந்தாள். காசு கேட்கவில்லை. "நல்லதோ கெட்டதோ, வயித்துல ஏதாவது போவட்டும்" என்றாள்.

யோகராஜ் இடது கையால் டீயை வாங்கினான்.

"தம்பி, கை எப்படி இருக்கு? காலைல குடுத்த எண்ணெயைத் தடவுனியா?"

"ம்... தடவினேன்க்கா."

கார்த்திகா டீயை ஊதிக்கொண்டே கேட்டாள். "கைல என்ன?"

"ஒண்ணுமில்ல மேடம். நேத்து வீட்டுல மீன் பொரிக்கிறப்ப எண்ணெய் தெறிச்சிடுச்சு."

சொர்ணம்மா சிரித்தாள். வஞ்சகம் இல்லாத சிரிப்பு. "பொய் சொல்லாதடா. நேத்து கிருத்திகை. கிருத்திகைக்கு நீ முட்டைகூடத் தொடமாட்டியே! போன மாசம் கிருத்திகையன்னிக்கு நான் மீன் கொழம்பு குடுத்தப்ப மொகத்தைத் திருப்பிக்கிட்டுப் போனவன்தானே?"

யோகராஜ் டீயைக் குடிக்காமலே கீழே வைத்தான்.

கார்த்திகா எதையும் கவனிக்காதவள் போல எழுந்தாள்.

"யோகராஜ், மேல வாங்க. ஒரு சின்ன சந்தேகம். டூரிஸ்டுக்குச் சொல்றதை எனக்கும் ஒருதடவை சொல்லுங்க. ரிப்போர்ட்ல எழுதணும்."

கோபுர உச்சியில் காற்று வீசியது. தூரத்தில் ஒரு படகு கரைக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. ராக்கப்பன் ஓரமாக, தலை குனிந்து நின்றார்.

"சுண்ணாம்பு, கடுக்காய், வெல்லம் மேடம்..."

"ஒவ்வொண்ணும் எவ்வளவு?"

"சம பங்கு மேடம். மூணும் சம பங்கு."

ராக்கப்பன் கண்ணை மூடிக்கொண்டார். "அட பாவி..."

"அந்தச் சம பங்கைத்தான் எறும்பு தூக்கிட்டுப் போகுது யோகராஜ்." கார்த்திகா பள்ளத்தைக் காட்டினாள். "வலது கையைக் காட்டுங்க. பச்சைச் சுண்ணாம்பு பழக்கமில்லாத கையைப் பொசுக்கிடும். மீன் மேல பழி போடாதீங்க, பாவம்."

அவன் பின்வாங்கினான். ஓர் அடி... இரண்டு அடி...

"ஏன் பண்ணீங்க?"

 அவன் பார்வை மணியின் பக்கம் போனது. ஒரே ஒரு நொடி!

கார்த்திகாவுக்கு அது போதும். "டொக்குன்னுச்சு! ஒரிஜினல் மணி எங்கே?"

யோகராஜ் உடைந்தான்.

"என் வீட்டுல... கட்டிலுக்கு அடியில. மெயின்லேண்ட்ல ஒருத்தன் கேட்டான். வேற ஒண்ணைத் தொங்கவிட்டேன். ஞாயித்துக்கிழமை பன்னீர் அண்ணன் தட்டிப் பார்த்துட்டாரு. அவர் காதுக்குத் தெரிஞ்சிடுச்சு."

"மிரட்டினாரா?"

"மிரட்டியிருந்தா பரவால்லையே!" அவன் கதறினான். "தோள்ல கையைப் போட்டாரு. 'தம்பி, செவ்வாக்கெழம சாயங்காலம் வரைக்கும் டைம். சத்தமில்லாம திருப்பி மாட்டிடு. யார்கிட்டயும் சொல்லமாட்டேன். வேலை போனா உன் அம்மாவுக்கு யாரு'ன்னாரு. நான் நம்பல மேடம்! எவனாவது அப்படி விடுவானா? நாளைக்குச் சொல்லிடுவார்னு பயந்தேன். அவர் எனக்குக் குடுத்த ஒரு நாளைத்தான்... இதுக்கு..."

இரக்கமாகக் கிடைத்த ஒரு நாள். அதை அவன் கடப்பாரையாக்கிவிட்டான்!

"வந்துடுங்க யோகராஜ். அந்தப் பக்கம் போகாதீங்க."

"வரமாட்டேன்!"

அவன் திரும்பினான். இடைவெளிக்குப் பக்கத்துக் கல்லில் வயிற்றை வைத்து எம்பினான்.

"டேய்!" ராக்கப்பன் அலறினார். "அது வெல்லம் போடாத கல்லுடா! சாயாத!"

கார்த்திகா அசைவதற்குள் கிழவர் பாய்ந்திருந்தார். யோகராஜின் இடுப்புப் பெல்ட்டைப் பிடித்தார். அவன் பாதி உடம்பு வெளியே தொங்கியது. அவரையும் இழுத்தது. இரண்டு பேரின் முழுப் பாரமும் அந்த ஒற்றைக் கல்லின் மேல்!

"விடுங்க பெரியவரே... நான் போறேன்..."

"விடமாட்டேன்! மூணு மாசமா ஒருத்தனும் விழுந்துடக் கூடாதுன்னு சாமி கும்பிட்டிருக்கேன்! முருகா... முருகா... முருகா...!"

கல்... அசையவில்லை!

நாகராஜும் கார்த்திகாவும் பாய்ந்து இருவரையும் உள்ளே இழுத்துப் போட்டார்கள். யோகராஜ் தரையில் சுருண்டு அழுதான். ராக்கப்பன் அவன் வெந்த கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

"உங்களை ஜெயிலுக்கு அனுப்பப் பார்த்தேன்... என்னை ஏன் பிடிச்சீங்க?"

"நீ விழுந்தா அதுவும் என் கணக்குலதான்டா வரும்," என்றார் கிழவர், மூச்சிரைக்க. "ஏற்கெனவே என்னால தாங்க முடியல."

* * *

மூன்று மணிக்கு ஜீப் வந்தது. ஏறியவன் யோகராஜ்.

ஜீப் கிளம்பிய சற்று நேரத்தில், கோபுர உச்சியில் காவலுக்கு நின்ற நாகராஜ் போனைக் காதில் வைத்தபடி கீழே கத்தினார்.

"மேடம்! ஆஸ்பத்திரியிலேருந்து! கண்ணு முழிச்சிட்டாராம்! ரெண்டு காலும் இடுப்பும் உடைஞ்சிருக்கு. உசுருக்குப் பயமில்லையாம்!"

"ஏதாவது சொன்னாரா?"

"ரெண்டு விஷயம் சொன்னாராம். முதல்ல, 'அந்த மணலை அள்ளாத மடையன் நூறு வருஷம் நல்லா இருக்கணும்'னு!"

ராக்கப்பன் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். அதை அள்ளச் சொல்லி மூன்று மாதமாகத் திட்டு வாங்கிய மடையன் அவர்தான்.

"ரெண்டாவது?"

நாகராஜ் போனைக் காதிலிருந்து எடுத்தார். "'யோகராஜ் மணியை மாட்டிட்டானா? சாயங்காலம் வரைக்கும் டைம் இருக்கு'ன்னு கேட்டாராம்..."

சொர்ணம்மா கழுவ வேண்டிய பாத்திரங்களை அள்ளிக்கொண்டு கடைக்குள் போனாள்.

ராக்கப்பன் எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டார்.

"அம்மா, என் குத்தம் இன்னும் தீரலீங்க. மிச்சம் ஆறு கல்லு இருக்கு. வெல்லம் இல்லாத கல்லு. இன்னிக்குத் தாங்கிடுச்சு, அது சாமி புண்ணியம். நாளைக்கே ஆறையும் பிரிச்சு, ஒழுங்கா வச்சுக் குடுத்துடுறேன். காண்டிராக்டர் ஐயா காலப் புடிச்சு உண்மையைச் சொல்லிடுறேன்."

"ஒண்ணும் பிரிக்க வேணாம்!"

குரல் டீக்கடைக்குள்ளிருந்து வந்தது. சொர்ணம்மா பாத்திரத்தைக் கழுவியபடியே, நிமிர்ந்து பார்க்காமல் சொன்னாள்.

"என்ன சொர்ணம்மா?"

"வெல்லம் போட்டாச்சு."

"யாரு போட்டது?"

"நான்தான்." அவள் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். முகத்தில் திருடி மாட்டிக்கொண்ட களை. "கோட்டைக்கு வச்ச வெல்லத்தை என் கையாலதானே டீல போட்டேன்? தூக்கம் வரல. கப்பல் வந்த அன்னிக்கே ரெண்டு கிலோ வாங்கிக்கிட்டு வந்து, யாருக்கும் தெரியாம உன் தொட்டியில கரைச்சு விட்டுட்டேன். கடுக்காயோட சேர்ந்து பதினஞ்சு நாளு நல்லா ஊறுச்சு. சொன்னா, 'கொத்தன் வேலையில கை வைக்க நீ யாரு'ன்னு திட்டுவியோன்னு சொல்லல."

ராக்கப்பன் வாயைப் பிளந்தார்.

"அதான்... அதான் அந்தத் தொட்டி அப்படி மணந்துச்சா! வெல்ல வாசனை வந்துச்சும்மா! நான் பண்ண பாவம்தான் மணக்குதுன்னு நெனச்சேன்!"

அவர் அழுதார். பிறகு சிரித்தார். பிறகு இரண்டையும் சேர்த்துச் செய்தார். கார்த்திகா முகத்தைத் திருப்பிக்கொண்டு, தொப்பியைச் சரிசெய்வது போலக் கண்ணைத் துடைத்தாள்.

"ஆக, காலையிலிருந்து நான் விசாரிச்ச ஆளு ஒருத்தர் செய்யாத குத்தத்துக்கு ஜெயிலுக்குப் போகத் தயார். இன்னொருத்தர் செஞ்ச நல்லதைக் கொலைக் குத்தம் மாதிரி ஒளிச்சு வச்சிருக்காங்க. சொர்ணம்மா, எனக்குத் தலை சுத்துது. ஒரு டீ கொடுங்க."

"இதோ மேடம்." சொர்ணம்மா அடுப்பை மூட்டினாள். "சீனியா? வெல்லமா?"

"சீனியே போடுங்க," என்றாள் கார்த்திகா. "வெல்லம் கேஸ் பிராப்பர்ட்டி!"